மாலை நேரத்து இறையியல்: பட்டம் வேண்டாம், பாடம் போதும்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹைதராபாத்தின் லோயர் டேங்க் பண்ட் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மேலே ஏரிக்கரையில் ஹுசேன் சாகர் காற்று வாங்க வந்த கூட்டம், தண்ணீர் நடுவே நிற்கும் புத்தர் சிலையைச் செல்போனில் பிடித்துக்கொண்டிருக்கும். கீழ்ச் சாலையில் அகப்பட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆர்.டி.சி. பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்கள், ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வழிகிறவர்கள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் என்று சாலை முழுக்க வீடு திரும்பும் ஜனம்.

அந்த நெரிசலை ஒட்டி, காந்திநகர் பக்கம், ஆந்திரா கிறிஸ்தவ இறையியல் கல்லூரி. தெலுங்குச் சபைகளுக்கு ஆயர்களைத் தயார் செய்து அனுப்பும் இடம். 1964-ல் ராஜமுந்திரியில் பாப்டிஸ்ட், லுத்தரன், மெதடிஸ்ட், தென்னிந்தியத் திருச்சபை என்று பல சபைகள் கூடித் தொடங்கியது; 1970-களில் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. சுவருக்கு உள்ளே எபிரேயமும் கிரேக்கமும், தீர்க்கதரிசிகளும் பவுலும், சபை வரலாறும். சுவருக்கு வெளியே சிக்னலில் நிற்கும் கூட்டத்தில் ஒரு வங்கி ஊழியர் இருக்கலாம். ஞாயிறுதோறும் சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்கு யோனா கதை சொல்கிறவர். புதன்கிழமை மாதர் ஐக்கியக் கூட்டத்தில் வேதபாடம் எடுக்கும் நர்ஸ் இருக்கலாம். இவர்களுக்கு ஆயராகும் எண்ணம் இல்லை. வேலையை விடவும் முடியாது. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மாலையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கலாமா? பரீட்சை எழுத மாட்டோம், சான்றிதழ் கேட்க மாட்டோம்.

வெளிநாட்டுச் செமினரிகளில் இதற்கு வழக்கமான ஏற்பாடு உண்டு. குறைந்த கட்டணம் கட்டி ‘ஆடிட்’ மாணவராகச் சேர்ந்துகொள்ளலாம். மதிப்பெண் கிடையாது, பாடம் உண்டு. கனடாவின் வான்கூவரில் 1968-ல் நிறுவப்பட்ட ரீஜன்ட் கல்லூரி, வேறு தொழிலில் இருக்கும் சாதாரண விசுவாசிகளை மனதில் வைத்தே தொடங்கப்பட்டது. நம் ஊரில் இந்த வழக்கம் அரிது. ஆனால் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள்.

ஏன் இப்போது?

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சபையில் அதிகம் படித்தவர் பெரும்பாலும் பிரசங்க பீடத்தில் நிற்பவர்தான். இன்று ஹைதராபாத்தின் எந்தச் சபையிலும் முன்வரிசையில் இரண்டு பொறியாளர், ஒரு டாக்டர், ஒரு பேராசிரியை இருப்பார்கள். ஐந்து நாள் அலுவலகத்தில் ஆதாரம் கேட்டே பழகியவர்கள், ஆறாம் நாள் இரவு யூடியூபில் கடைசிக் காலத்தைப் பற்றி ஒரு போதகர் சொல்வதைக் கேட்கிறார்கள். ஏழாம் நாள் காலையில் இன்னொரு போதகர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். தெலுங்குக் கிறிஸ்தவ சேனல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வாட்ஸாப்பில் நாளுக்கொரு தீர்க்கதரிசனம் வருகிறது. யார் சொல்வது சரி என்று பார்க்கக் கையில் ஓர் அளவுகோல் வேண்டுமே என்ற தவிப்பில்தான் பலர் செமினரி வாசலை எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. தனிச் சபைகள் பெருகிய இந்த நகரத்தில், முறையாக ஓர் ஆண்டுகூட வேதம் படிக்காமலேயே பெயருக்கு முன்னால் ‘ரெவரெண்ட் டாக்டர்’ போட்டுக்கொள்ள முடிகிறது. பணம் கட்டினால் கௌரவ டாக்டர் பட்டம் தரும் அமைப்புகள் தெலுங்கு நாட்டிலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. பீடத்தில் நிற்பவர் படிக்காமல் பட்டம் வாங்க, பெஞ்சில் இருப்பவர் பட்டம் வேண்டாம், படிப்பு போதும் என்று அலைய, காலம் தலைகீழாகத்தான் போயிருக்கிறது.

பெட்டிச் செய்தி: டேனிஷ் ராஜா கொடுத்த உரிமை

இந்தியாவின் பெரும்பாலான பழைய புராட்டஸ்டன்ட் செமினரிகள் பட்டம் வழங்குவது செரம்பூர் செனட் வழியாக. ஹைதராபாத் கல்லூரியும் அதில் இணைந்ததே. வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-ல் வங்காளத்தின் செரம்பூரில் கல்லூரியைத் தொடங்கினார்கள். அப்போது செரம்பூர், நம் தரங்கம்பாடியைப் போலவே, டென்மார்க் ஆட்சியில் இருந்தது. டேனிஷ் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827-ல் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1845-ல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்தச் சாசன உரிமை காக்கப்பட்டது. 1918-ல் வங்காளச் சட்டம் ஒன்று செனட்டுக்கு இன்றைய வடிவம் தந்தது.

திறந்திருக்கும் கதவுகள்

முழுநேர பி.டி. என்னும் இறையியல் பட்டப் படிப்பு என்றால் ஆண்டுக்கணக்கில் விடுதி வாசம். பெரும்பாலும் பேராயத்தின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். குடும்பஸ்தருக்கு அது ஆகாத காரியம். செனட் இவர்களுக்காகவே வெளிநிலைப் படிப்புகளை வைத்திருக்கிறது. கிறிஸ்தவக் கல்வியில் டிப்ளமோ, அதற்கு மேல் பி.சி.எஸ். என்னும் இளநிலைப் பட்டம். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். ஆனால் அஞ்சல் வழியில் வரும் பாடநூலைத் தனியாகப் படிப்பதும், ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து ‘இது எனக்கு ஒப்பவில்லை ஐயா’ என்று சொல்வதும் ஒன்றாகுமா?

அந்தக் குறையை நிரப்ப 1971-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியதுதான் டாஃப்டி என்னும் விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம். அது பின்பற்றுவது குவாத்தமாலாவில் 1963-ல் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரி கண்டுபிடித்த வழி. கிராமச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் கல்யாணமாகி, நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த நடுவயதுக்காரர்கள். தலைநகரத்துச் செமினரிக்கு வந்தவர்களோ இளைஞர்கள், படித்து முடித்ததும் ஊர் திரும்பாதவர்கள். மாணவனைச் செமினரிக்கு இழுப்பதை விட்டுச் செமினரியை மாணவனிடம் அனுப்பினார்கள். டாஃப்டி அதை இந்திய நகரங்களுக்கு ஏற்ப மாற்றியது. வாரம் முழுக்க வீட்டில் பாடத்தைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டிலோ சபைக் கூடத்திலோ குழுவாகக் கூடி விவாதிக்க வேண்டும். வழிநடத்துகிறவருக்கு ஆசிரியர் என்றுகூடப் பெயரில்லை, ட்யூட்டர்தான். மதுரை அரசரடியில் 1969-ல் எழுந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் பொதுமக்களுக்கு இறையியல் கற்பிப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

கல்லூரி வளாகத்திலேயே மாலை வகுப்பு நடக்குமா, வெளியாட்களை உட்கார விடுவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விளம்பரப் பலகையில் எழுதியிருக்காது. முதல்வரையோ பதிவாளரையோ நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும். மறுக்கத் தயாராக இருப்பவர்களைவிட, இதுவரை யாரும் கேட்டதில்லையே என்று ஆச்சரியப்படுகிறவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

முதல் மாதத்து அதிர்ச்சி

வகுப்பில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆகிறது? இதைத்தான் யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

சிறுவயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வேதத்தில் தையல்கள் கண்ணில் படத் தொடங்கும். ஏசாயா புத்தகத்தின் 40-ஆம் அதிகாரத்தில் காலமே மாறிவிடுகிறது, எருசலேம் விழுந்து மக்கள் பாபிலோனில் இருக்கும் சூழல் அது என்று ஆசிரியர் சொல்வார். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில் இல்லை என்பார். பவுலின் பெயரில் உள்ள 13 நிருபங்களில் ஏழைப் பவுலே எழுதினார் என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை, மற்றவற்றைப் பற்றி உண்டு என்பார். இருபது வயதில் விடுதியில் இருக்கும் மாணவனுக்கு இந்த அதிர்ச்சியை இறக்கிவைக்க அறைத்தோழர்கள் உண்டு, ஜெபவேளை உண்டு, ஆண்டுகள் உண்டு. இரவு எட்டரைக்கு வகுப்பு முடிந்து மெட்ரோவில் தனியாக நிற்கும் நாற்பது வயதுக்காரருக்கு யார் உண்டு? அடுத்த ஞாயிறு பிள்ளைகள் முன்னால் நின்று அதே கதையைச் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் இரண்டு வகையினர் பிரிகிறார்கள். ஒரு வகை, கற்ற மறுநாளே சபையில் குண்டு போடும். பாஸ்டர் காரு பேசி முடித்ததும் போய் ‘அந்த வசனம் மூலப்பிரதியிலேயே இல்லையே’ என்று கேட்கும். அரைகுறைக் கிரேக்கம் சபைக்கு ஆகாது. ஒரு பருவம் படித்தவர் பத்து ஆண்டு ஊழியம் செய்தவரைத் திருத்தப் புறப்படுவது எல்லா ஊரிலும் உள்ள வியாதி. இன்னொரு வகை, பேச்சைக் குறைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றும். யோனாவை மீன் எப்படி விழுங்கியது என்பதில் நேரம் போக்காமல், தனக்குப் பிடிக்காத நினிவே ஜனங்களைக் கடவுள் மன்னித்ததில் யோனாவுக்கு ஏன் அத்தனை கோபம் என்று பிள்ளைகளைக் கேட்கும். நல்ல கேள்வி வாங்கிய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் சபைக்கு வரும் என்று நான் நினைக்கிறேன். எண்ணிக்கை காட்டி நிரூபிக்க முடியாது. சண்டே ஸ்கூல் எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆயருக்கும் இது சோதனைதான். கேள்வி கேட்கும் விசுவாசியை எதிராளியாகப் பார்ப்பவர் உண்டு. சனிக்கிழமை ராத்திரி அவசரமாகப் பிரசங்கம் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, தன் பழைய செமினரி நோட்டுகளை மறுபடி தூசி தட்டுகிறவரும் உண்டு. சபைக்கு லாபம் இரண்டாமவரால்.

‘செமினரியே தேவையில்லை’ என்ற ஊர்

மாலை வகுப்புக்கு ஆதரவாக எழுதும்போது ஹைதராபாத்தின் இன்னொரு மரபை மறைக்கக் கூடாது. முஷீராபாத் பகுதியில், கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில், எப்ரோன் இருக்கிறது. பக்த் சிங் நிறுவிய சபைகளின் தலைமையிடம். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படிக்கக் கனடாவுக்குப் போன இடத்தில் கிறிஸ்தவரானவர். எந்தச் செமினரியிலும் குருப்பட்டம் வாங்காதவர். 1941-ல் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கி, பிறகு ஹைதராபாத்தை மையமாக்கிக்கொண்டார். 2000 செப்டம்பர் 17 அன்று அவர் இங்கே இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் கூடிய ஜனத்திரளை நகரம் இன்னும் பேசும். அந்தச் சபைகளில் சம்பள ஆயர் கிடையாது. மூப்பர்கள் நடத்துவார்கள், கணக்கரும் கடைக்காரரும் வேதத்தை வரி வரியாகப் படித்துப் பேசுவார்கள். இந்த மரபில் வளர்ந்தவர்கள் செமினரி என்றாலே ஒதுங்குவார்கள். அங்கே போனால் அறிவு ஏறும், அனல் இறங்கும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்த் சிங்கின் மரபு இன்னொன்றையும் நிரூபித்துவிட்டது: சம்பளமோ அங்கியோ இல்லாத ஆள் வேதத்தை மும்முரமாகப் படிக்க முடியும், படிப்பான். அந்த மும்முரத்தோடு வரலாறும் மொழியும் சேர்ந்தால் கெட்டுப்போகும் என்று ஏன் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்?

வக்கீல்கள் எழுதிய இறையியல்

இந்திய இறையியலில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் பெயர்களில் பல, குருப்பட்டம் இல்லாதவர்களுடையவை. தெலுங்கரான பி. செஞ்சய்யா (1886–1959) வக்கீல், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி. வி. சக்கரை (1880–1958) வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் வாதத்துக்கு இந்தியாவிலிருந்து பதில் சொல்லும் கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்த சென்னைக் குழுவில் இவர்கள் முன்னால் நின்றார்கள். பகலில் கோர்ட், மாலையில் கிறிஸ்து யார் என்ற விவாதம்.

கேரளத்தின் எம்.எம். தாமஸ் கதை இன்னும் சுவாரசியம். கம்யூனிஸ்ட் சாயல் என்று மார்த்தோமா சபை குருப்பட்டம் கொடுக்க மறுத்தது. கிறிஸ்தவர் என்று கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக்க மறுத்தது. இரண்டு வாசலும் அடைபட்ட அந்த மனிதர் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக 1968 முதல் 1975 வரை இருந்தார். பின்னாளில் நாகாலாந்து ஆளுநரானார்.

தமிழர்களுக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. சீகன்பால்கு 1716-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய செமினரி உபதேசிமார்களுக்கானது. அதே மிஷன் மரபில் ஸ்வார்ட்ஸிடமும் பின்பு தரங்கம்பாடியிலும் படித்த வேதநாயக சாஸ்திரியார் கடைசிவரை ஆயராகவில்லை. அவர் பாடிய கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்ச் சபைகளில் ஆராதனை நடக்குமா?

நிஜாம் சீமைக்கே வருவோம். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதில் முன்நின்று, பின்னர் தோர்ணக்கல்லுக்கு ஊழியராக வந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய பேராயம் வளர்ந்தது ஆயர்களால் மட்டுமல்ல; கிராம உபதேசிமார்களால். மாலாக்களும் மாதிகாக்களுமாகிய கூலி விவசாயிகள் பகல் வேலை முடித்து, இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில்தான் வேதபாடம் கேட்டார்கள். தெலுங்கு நாட்டில் மாலை வகுப்புக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இன்றும் இங்கே கிறிஸ்தவர்களில் பெரும்பான்மை தலித்துகள். இறையியல் யாருடைய சொத்து என்ற கேள்வி அவர்களுக்குப் புத்தகக் கேள்வி அல்ல.

பக்கத்து வீட்டுக்காரரின் மதம்

ஹைதராபாத்தில் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. சிவராம்பள்ளியில் ஹென்றி மார்ட்டின் நிறுவனம். 1930-ல் லாகூரில் தொடங்கி, பல ஊர் மாறி 1970-களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. முஸ்லிம்களிடம் ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு இஸ்லாத்தைக் கற்பிப்பதுதான் முதல் நோக்கம். காலப்போக்கில் நோக்கமே மாறி, மதங்களுக்கிடையே புரிதலும் சமாதானமும் அதன் வேலையாயிற்று. 1990-ல் பழைய நகரத்தில் கலவரம் நடந்த பிறகு சுல்தான் ஷாஹி பகுதியில் இந்து, முஸ்லிம் குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. அங்கே நடக்கும் குறுகிய காலப் படிப்புகளில் ஒரு சாதாரண கிறிஸ்தவர் இஸ்லாத்தின் வரலாற்றைப் படிக்கலாம்.

இதைத் தனியே எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. சார்மினார் பக்கம் கடை வைத்திருப்பவர், உஸ்மானியா மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும் நாள் முழுக்க முஸ்லிம்களோடு பழகுகிறார். அவர்களைப் பற்றி அவருக்குச் சபையில் கிடைக்கும் தகவலோ பெரும்பாலும் வாட்ஸாப்பில் வந்தது. நான் எந்தப் பாடத்தை முதலில் பரிந்துரைப்பேன் என்றால், ரோமர் நிருபத்துக்கும் முன்னால் இதைத்தான்.

பெட்டிச் செய்தி: சேரும் முன் விசாரிக்க வேண்டியவை

பட்டம் தருவது யார்? செரம்பூர் செனட்டா, ஆசிய இறையியல் சங்கம் அங்கீகரித்த கல்லூரியா, இரண்டும் இல்லையா? பாடம் மட்டும் கேட்க வருகிறவருக்குப் பட்டம் முக்கியமில்லை. ஆசிரியர் எங்கே படித்தார் என்பது முக்கியம். வகுப்பு எந்த மொழியில்? ஹைதராபாத்தில் தெலுங்கு அல்லது ஆங்கிலம்தான். கன்டோன்மென்ட் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்கச் சிரமப்படும். நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டா? இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அக்காமாரும் அண்ணிமாரும்

எங்கே பாடம் நடந்தாலும் முன்வரிசையில் பெண்களைப் பார்க்கலாம். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயத்துக்கு இ. புஷ்ப லலிதா பேராயரானார், அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். ஆனாலும் பல தனிச் சபைகளில் பெண் பீடம் ஏறக் கூடாது. அந்தச் சபைப் பெண்ணுக்குப் பட்டத்தால் பயனில்லை; வேதபாடம் நடத்த அறிவு வேண்டும். பரீட்சை இல்லாத இருக்கை அவருக்காகவே செய்தது போலிருக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஆறரை மணி என்பது சமையல் நேரம், பிள்ளைகளின் ஹோம்வொர்க் நேரம். ஆண் ஒருவர் செமினரிக்குப் போனால் ‘பக்தி முற்றிவிட்டது’ என்பார்கள்; பெண் போனால் ராத்திரி டிபனுக்கு என்ன வழி என்பார்கள். சனிக்கிழமை மதியம் வகுப்பு வைத்தால் கூட்டம் இரட்டிப்பாகும்.

கல்லூரிக்கு என்ன லாபம்?

நிதிநிலை இறுக்கமாக இருக்கும் செமினரிகளிடம் இதை ஒரு தானமாகக் கேட்க வேண்டியதில்லை. பெஞ்ச் ஏற்கெனவே இருக்கிறது, ஆசிரியர் எப்படியும் பேசப்போகிறார். இன்னும் நான்கு பேர் உட்கார்ந்தால் செலவு ஒன்றும் கூடாது. வரவு கூடும், கட்டணம் சிறியதென்றாலும். அதைவிடப் பெரிய வரவு வகுப்பறையில்தான். துன்பத்தின் மர்மம் பற்றி இருபத்திரண்டு வயது மாணவர்கள் விவாதிக்கும்போது, குழந்தைகள் வார்டில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் ஒருவர் கையைத் தூக்கி, ‘அந்தத் தாயிடம் நான் என்ன சொல்லட்டும்?’ என்று கேட்டால் பாடம் திசை மாறும். ஆயராகப் போகும் பையன் பிற்பாடு யாரிடம் பிரசங்கிக்கப் போகிறானோ அவர்களை மூன்றாம் ஆண்டிலேயே பக்கத்து இருக்கையில் சந்தித்துவிடுவான்.

பேராயங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் சபைக் கமிட்டியிலிருந்து சினாட் வரை ஆயரல்லாதவர்களுக்கு இடமும் ஓட்டும் இருக்கிறது. சொத்து, வழக்கு, மாற்றல் உத்தரவு எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. அந்தப் பதவிகளுக்குப் போட்டியிட இன்று தேவைப்படுவது ஆள் பலமும் பண பலமும். இரண்டு பருவம் சபை வரலாறு படித்தவர், திருச்சபைச் சட்டநூலைத் திறந்து பார்த்தவர் நாலு பேர் கமிட்டிக்குள் வந்தால், இப்போது அங்கே இருக்கும் சிலருக்கு உறுத்தும். மாலை வகுப்புகள் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

வகுப்பறைக் கதவைத் திறக்கத் தயக்கம் இருந்தால் நூலகத்திலிருந்து தொடங்கட்டும். வாரத்தில் இரண்டு நாள், அலுவலகம் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரை. உதவிக்கு ஒரு மூத்த மாணவர். ஒரு பருவம் நடத்திப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் புத்தகங்களை எடுத்தார்கள் என்று கல்லூரி நிர்வாகம் பதிவேட்டைப் பார்க்கட்டும். அடுத்த ஜூனில் எந்தப் பாடத்தை மாலைக்கு மாற்றுவது என்பதை அந்தப் பதிவேட்டை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.